மலைக்குப் பிரஷர் ஏறிய மழை

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? சுவர் எப்படி விழுந்தது, கிழவிக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது என்று ஆளாளுக்குக் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பீர்கள். அப்புறம் அதன் பக்கத்தில் தலைவைத்துப் படுக்க மனசு வராது. தூக்கம் போனது என்று என்னிடம் வந்து அழக் கூடாது, சொல்லிவிட்டேன்.

எனக்குப் படிப்பு கிடையாது. சிலோன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் போய் வந்தேன். கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பிறகு, கோத்தகிரிக்குக் கீழே இந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்க நின்றவள்தான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது. ஆனால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். பிரஷர். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டி, இதுதான் பிரஷர் என்றார்கள்.

முதலில் சொன்னது என் வீட்டுக்காரர், அவர் போய்ச்சேர்ந்து வருஷமாகிறது. ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிற வேலை அவருக்கு. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், பாய்லரில் இருக்கும் வட்டக் கண்ணாடியைத்தான் பார்ப்பார். அதற்குள் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லோரும் சட்டினி என்பார். "என்னைக்காச்சும் என்னைய இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "உனக்குச் செவப்புக் கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதே" என்றார் அந்த மனிதர்.

அதே ஃபேக்டரியில், அடுத்த ஷெட்டில் இலை உருட்டுகிற மெஷின். அங்கே டீமேக்கர் நாள் முழுக்க "பிரஷர் போடு, பிரஷர் எடு" என்று கத்துவார். மேல்மூடியை இறக்கி இலையை அழுத்தினால் அது போடுவது. கொஞ்ச நேரத்தில் மூடியைத் தூக்கிவிட வேண்டும். தூக்காமல் விட்டால் இலை சூடாகி, கட்டிகட்டியாகி, டீ புளித்துப்போகும். பாய்லரில் பயப்பட வேண்டிய சாமான் இங்கே இல்லாவிட்டால் டீ இல்லை. எனக்கு அப்போதே குழப்பம். பாய்லர்காரரிடம் கேட்டால் டீமேக்கருக்கு ஒன்றும் தெரியாது என்பார். டீமேக்கரிடம் கேட்டால் பாய்லர்காரருக்கு விறகுதான் தெரியும் என்பார்.

அப்புறம் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. கையில் பட்டையைக் கட்டிப் புஸ்புஸ்ஸென்று காற்றடித்து, "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்றார். எல்லோருக்கும் இருக்கிறதுதானாம், எனக்கு ஜாஸ்தியாம். உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதிலிருந்து நான் கொழுந்துக் காட்டில் இருந்ததைவிடப் புதருக்குப் பின்னால் இருந்த நேரம்தான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரிக்கு அதே நர்ஸம்மா லோ பிரஷர் என்று சொல்லி, உப்புப் போட்டு மோர் குடிக்கச் சொன்னார். எனக்குக் குறைத்த உப்பையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டார் என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிவியில் வானிலை சொல்கிறவர்களும் விடவில்லை. கடலில் காற்றழுத்தம் தாழ்ந்துவிட்டது என்பார்கள். அழுத்தம் என்றால் என்ன என்று மகனிடம் கேட்டேன். "பிரஷர்தாம்மா. கடல்ல லோ பிரஷர்" என்றான். கடலுக்கு யார் மோர் கொடுப்பது? அது குறைந்தால் நமக்கு மழை. ஒரு இடத்தில் ஏறினால் சாவு, ஒரு இடத்தில் இறங்கினால் சாவு.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அந்தப் பெண் வரும்வரைக்கும்.

கீழே ரோடு வளைகிற இடத்தில் ஒரு மழைக்கு மண் இறங்கி, ரோட்டில் பாதி காணாமல் போயிருந்தது. அதைப் பார்க்க மண் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஜீன்ஸ், தொப்பி, முழங்கால் வரைக்கும் சேறு. மலையில் துளை போட்டு நீளமாக ஒரு பைப்பைச் சொருகிக்கொண்டிருந்தாள். நாங்கள் கொழுந்து நிறுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

"என்னா புள்ள, மலைக்கு ஊசி போடுறியா?" என்று கேட்டேன்.

"ஊசி இல்லைங்க பாட்டி. பிரஷர் பாக்குறேன்."

கொழுந்துக் கூடையோடு இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். "மலைக்குமா? அப்ப உப்பைக் கொறைக்கச் சொல்லு" என்றேன்.

அவளும் சிரித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையில் கொஞ்சம் மண்ணை அள்ளிப் பிடித்தாள். "பாட்டி, மழை மலையைத் தள்ளுதுன்னு நெனைக்கிறீங்க. மழை தள்ளாது. இந்த மண்ணு ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கிட்டு இருக்குல்ல, அதோட சொந்த வெயிட்லதான் புடிச்சுக்கிட்டு இருக்கு. உள்ள போற தண்ணிக்கு வெளிய வர வழியில்லன்னா, அது நடுவுல நின்னு மண்ணை மண்ணுல இருந்து தூக்கும். பிடி விட்டுப்போகும். அந்தத் தண்ணி எவ்வளவு தூக்குதுன்னு பாக்குறதுதான் இது."

"எனக்கும் அதே கதைதான். தண்ணி நிக்குதுன்னு நர்ஸம்மா நீர் மாத்திரை குடுத்திருக்கு."

"அதேதான் பாட்டி! தடுப்புச் சுவத்துல வரிசையா ஓட்டை விட்டிருப்பாங்க பாருங்க, அதுதான் மலைக்கு நீர் மாத்திரை."

மறுபடியும் சிரித்தோம். அவள் பைப்பை மூடி வைத்துவிட்டு ஜீப் ஏறிப் போனாள். அன்றைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. பாய்லருக்கு முள் இருக்கிறது. என் கைக்குப் பட்டை இருக்கிறது. கடலுக்குக்கூட டிவியில் ஒரு ஆள் இருக்கிறான். எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கிற மலைக்கு எந்த முள்ளும் வெளியே தெரியாது.

எங்கள் லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை. பின்னறைக்கு வெளியே ஒரு ஆள் ஒடுங்கி நடக்கிற சந்து. சந்தைத் தாண்டி ரெண்டு ஆள் உயரத்துக்குக் கல் சுவர். சுவருக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே சில்வர் ஓக், அதற்கு மேலே மூடுபனி. சுவரில் அந்தப் பெண் சொன்ன ஓட்டைகள் இருந்தன. மழைக்காலம் வந்தால் அத்தனை ஓட்டையும் ஊற்றும். மாட்டுத் தொழுவத்தில் மாடெல்லாம் ஒரே நேரத்தில் மூத்திரம் போகிற சத்தம். பின்னறைச் சுவரெல்லாம் வேர்க்கும், தரை சில்லிடும், பாய் பூஞ்சைபிடிக்கும். அந்த ஓட்டைகளைத் திட்டாதவர்கள் லயத்தில் யாரும் இல்லை.

என் கடைசி மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பெற்றவளைப் படுக்க வைப்பது பின்னறையில்தான். முன்னறையில் காற்று அடிக்கும், வருவோர் போவோர் கண் படும். முப்பது நாள் தீட்டு கழிகிறவரைக்கும் அவள் வாசலைத் தாண்டக் கூடாது. நாங்கள் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில், தங்கச்சிக்கும் குழந்தைக்கும் குளிரக் கூடாது என்று மகன் ஒரு காரியம் செய்திருந்தான். மாரியம்மன் கோயில் தரைக்குப் போட்டு மிஞ்சிய சிமெண்டைக் கேட்டு வாங்கி, பக்கத்து வீட்டு ஆம்பளைகளையும் சேர்த்துக்கொண்டு, சுவரில் இருந்த ஓட்டையெல்லாம் பூசி மூடிவிட்டான். தங்கள் வீட்டுப் பின்னாலும் மூடச் சொல்லி லயமே வந்து நின்றதாம். லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மூடினார்கள்.

பிள்ளையோடு வந்து இறங்கியபோது பின்னறை காய்ந்து கிடந்தது. "என்னாடா பண்ணுன?" என்று கேட்டேன். "கொஞ்சம் பூசிவிட்டேம்மா" என்றான். அறைச் சுவருக்குத்தான் பூசியிருக்கிறான் என்று நினைத்தேன். குழந்தைக்கு வெந்நீர், மகளுக்குப் பிரசவக் காய மருந்து, துணி அலசுவது, இதற்கு நடுவில் பின்சந்துக்கு யார் போனார்கள்? மோட்டுவளையிலிருந்து சேலையில் தூளி கட்டினோம். தூளி ஆடினால் குழந்தையின் கால் பின்சுவரைத் தொடும், அவ்வளவுதான் இடம்.

அப்புறம் டிவிக்காரர் கடலில் லோ பிரஷர் என்றார். மழை பிடித்தது.

மழை என்றால் விடுகிற மழை இல்லை. வேலைக்கு லீவு விட்டுவிட்டார்கள். பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. கரண்ட் இருந்தால்தானே லைட்? ஒரு மத்தியானம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை தூங்கிவிட்டது, மகளும் கண்ணயர்ந்துவிட்டாள். தகரத்தின் மேல் மழைச் சத்தம். அதைத் தவிர ஒன்றும் இல்லை. எதுவோ குறைந்தது. என்னவென்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. மாட்டுத் தொழுவச் சத்தம். இவ்வளவு மழையில் பின்சந்து வாயே திறக்கவில்லை.

பின்கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. ஊறிப்போயிருக்கும் என்று தோளால் இடித்தேன். பாதி திறந்தது. நிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

சுவரிலிருந்து தண்ணீர் ஊற்றவில்லை. சுவரில் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பொட்டுகள். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. நிறைமாத வயிற்றை நான் நிறையப் பார்த்தவள். இடுப்பு இறங்கிய வயிறு எது, இறங்காத வயிறு எது என்று சேலைக்கு மேலேயே சொல்வேன். இது இறங்கிய வயிறு, எந்த நேரமும் பெற்றுவிடும். கல்லுக்குக் கல் நடுவில் வேர்த்துக்கொண்டிருந்தது. மேலே பார்த்தேன். சில்வர் ஓக் ஒன்று எங்கள் கூரையை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்றது.

முன்னறைக்கு வந்து மகனிடம் சொன்னேன். "சுவரு தள்ளுதுடா. உள்ள தண்ணி நிக்குது. பிரஷர் ஏறிக் கெடக்கு."

அவன் போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "பிரஷர் உனக்கும்மா. மாத்திர போட்டியா?"

"டேய், தங்கச்சியையும் புள்ளையையும் எடுத்துக்கிட்டுப் புள்ளக்காம்பராவுக்குப் போயிருவோம்."

புள்ளக்காம்பரா என்றால் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம். மேட்டில் தனியாக நிற்கிறது, பின்னால் மலை கிடையாது.

"இந்த மழையிலயா? வெள்ளைக்காரன் காலத்துச் சுவரும்மா அது. நாம போன பொறகும் நிக்கும்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் கோயமுத்தூர்ப் பக்கம். "ஏனுங்கக்கா, பச்ச ஒடம்புங்க. இந்தக் காத்துல வெளிய கொண்டு போனா சன்னி கண்டுக்குமுங்க. மழ விடட்டும், பாத்துக்கலாம்" என்றாள். மகள் விழித்துக்கொண்டு, "சும்மா இரும்மா, பயமுறுத்தாத" என்று அழ ஆரம்பித்தாள். முப்பது கழியாமல் எவளும் வாசல் தாண்டியதில்லை. நான் பெற்றபோது நானும் தாண்டவில்லை. மண் ஆபீஸ் பெண் சொன்னதை இவர்களுக்குச் சொன்னேன். மகன் சிரித்தான். அந்தப் பெண்ணைப் பார்த்து நாங்கள் சிரித்த அதே சிரிப்பு.

தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். ஒரு சிமெண்ட் பொட்டைக் கொத்தினேன். கொத்தக் கொத்த உள்ளே எதுவோ மூச்சுவிட்டது. பொட்டு தெறித்து என் காலில் விழுந்தது. அது விழுந்ததும் தண்ணீர் பீய்ச்சி எதிர்ச் சுவரில் அடித்தது. எப்போதும் அந்த ஓட்டையில் வருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நான் முகம்கூடக் கழுவியிருக்கிறேன். இது காவி. கையை நீட்டினேன். சின்னச் சின்னக் கல்லும், தேயிலை வேரும் உள்ளங்கையில் தங்கின. வந்தது வெறும் தண்ணீர் இல்லை. மலைதான் வந்துகொண்டிருந்தது. இனி ஒவ்வொரு ஓட்டையாகக் கொத்த நேரமில்லை என்று தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி எந்தப் பொய் என்று நின்று யோசித்தேன். பாம்பு என்றால் ஆம்பளைகள் கம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். கரடி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்காருவார்கள். பேய் என்றால் கற்பூரம் கொளுத்துவார்கள். ஒரே ஒன்றுதான் வீட்டை விட்டு ஓட வைக்கும்.

"கேஸு! கேஸு லீக்காகுது! அடுப்புப் பக்கம் வாராதீங்க, லைட்டைத் தொடாதீங்க, வெளிய ஓடுங்க!"

அவ்வளவுதான். போனைத் தூக்கிப் போட்டுவிட்டு மகன் தங்கச்சியைக் கையைப் பிடித்து எழுப்பினான். குழந்தையைத் தூளியிலிருந்து அள்ளி என் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கேசுங்கோ! எல்லாரும் வெளிய வாங்கோ!" என்று அலறினாள். சன்னி, தீட்டு, காற்று எல்லாம் எங்கே போனதோ. ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆட்கள் மழையில் குதித்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் போர்வையைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். நான் குழந்தையை மகள் கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் நான் நினைத்தே பார்க்காதது நடந்தது. என் மகன் நின்றுவிட்டான்.

"நீங்க போங்க. நான் போய் ரெகுலேட்டரை மூடிட்டு வந்துர்றேன். விட்டா லயமே எரிஞ்சிரும்."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான். என் பொய் அவனைக் கூப்பிட்டு அழைத்துப் போகிறது. சட்டையைப் பிடித்தேன். "வேணாம்டா" என்றேன். "வெளையாடாதம்மா, விடு" என்று கையைத் தட்டிவிட்டான். பொய் சொன்னேன் என்று சொன்னால், அப்படியானால் எல்லோரும் உள்ளே போகலாம் என்பான். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போவான். அவன் வாசல்படியில் கால் வைத்தான்.

அப்படியே சேற்றில் விழுந்தேன். நன்றாகவே விழுந்தேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. கண்ணை மேலே சொருகினேன். "தல சுத்துதுடா... பிரஷரு... பிரஷரு..." என்று வாயைக் கோணினேன்.

மலைக்கு என்று சொன்னபோது சிரித்தவன், எனக்கு என்றதும் ஓடி வந்தான். "அம்மா! அம்மா! மாத்திர போட்டியான்னு கேட்டேன்ல!" என்று கத்திக்கொண்டே என்னைத் தூக்கித் தோளில் போட்டான். அவன் முதுகில் தலை தொங்க, லயத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே போனேன். அவனுடைய நெஞ்சு இடிப்பது என் வயிற்றில் கேட்டது. மெதுவாகப் போகிறானே என்று ஒரு காலால் உதைத்தேன். வலிப்பு என்று நினைத்து ஓடினான்.

புள்ளக்காம்பராப் படியில் என்னை இறக்கியபோது கேட்டது. இடி இல்லை. கொழுந்து லாரியின் பின்பலகையைத் திறந்துவிட்டால் மூட்டையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுமே, அந்த மாதிரி கனத்த சத்தம், நின்று நின்று வந்தது. பிறகு ஒரு சில்வர் ஓக் முறிகிற சத்தம். பிறகு மழை மட்டும்.

மகன் போய் எட்டிப் பார்த்தான். நானும் போனேன். தலைசுற்றலை மறந்துவிட்டேன். எங்கள் பின்னறையும், இரண்டு பக்கமும் இருந்த பின்னறைகளும் இல்லை. தகரம் மடங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே காவி மண் கூழ் மாதிரி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. முறிந்த மோட்டுவளையில் தூளிச் சேலையின் முடிச்சு அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி மண்ணுக்குள் இழுபட்டு விறைப்பாக நின்றது.

மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தாம்மா மூடுனேன்" என்றான். "குளிரக் கூடாதுன்னு மூடுன. போ, தங்கச்சிக்குக் காய மருந்து இடிச்சுக் குடு" என்றேன். வேறு என்ன சொல்ல? பேசிக்கொண்டே ஒவ்வொரு வீட்டு ஆளையும் எண்ணிப் பார்த்துவிட்டோம். எல்லோரும் இருந்தார்கள்.

சாயங்காலம் நர்ஸம்மா குடை பிடித்து வந்து என் கையில் பட்டை கட்டினார். பார்த்துவிட்டு இன்னொரு தரம் கட்டினார். "இவ்வளவு ஏறியிருக்கே, எப்படி நடந்து வந்தீங்க?" என்றார். நடந்து வரவில்லை, சவாரி வந்தேன் என்றேன். நடிக்கப் போய் நிஜமாகவே ஏறிவிட்டது போலிருக்கிறது.

மழை கொஞ்சம் விட்டதும் ஆபீஸர்கள் வந்தார்கள். லயத்தில் யாரும் இருக்கக் கூடாது என்றார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை. புள்ளக்காம்பராவில் அத்தனை பேரும் எவ்வளவு நாள் மடங்கிப் படுப்பது? சுவர் பாதிதான் விழுந்திருக்கிறது. மறுபாதி சிமெண்ட் பொட்டுகளோடு நிற்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பகலில் போய்ச் சோறாக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிப் போனவர்கள்தான் மண்ணைத் தோண்டும்போது எங்கள் சிலிண்டரை எடுத்து வந்தார்கள். நசுங்கவில்லை, ஒழுகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அதை என் முன்னால் வைத்து இடுப்பில் கை வைத்தாள். பின்னால் லயமே நின்றது.

"ஏனுங்கக்கா, ரெகுலேட்டரு மூடித்தானுங்க இருக்குது. நீங்க கேசு லீக்குன்னீங்களே, வாடை அடிச்சுதுங்களா?"

"வாடையா? கொரோனா வந்து போனதுலேருந்து எனக்குக் கருவாட்டு வாடையே தெரியாதுடி."

"அப்ப பொய்யிங்களா?"

"பொய்தான். நெசத்தைச் சொன்னப்ப ஒருத்தியாச்சும் எந்திரிச்சியா?"

நான் எழுந்து, சிலிண்டரோடு மண்ணிலிருந்து கிடைத்த கவ்வாத்துக் கத்தியை அவள் கையில் கொடுத்தேன்.

"வானம் வெளுத்திருக்கு. இப்பவே போயி நிக்கிற சுவத்துல இருக்க சிமெண்டை எல்லாம் கொத்தி எடுங்க, கீழ நிக்காம ஓரமா நின்னு. அதுவும் ஈரமாத்தான் இருக்கு, பாத்துட்டேன். இனிமே நான் தீயின்னு கத்துவேன், கரடின்னு கத்துவேன், என்னான்னு எனக்கே தெரியாது. எதக் கத்துனாலும் புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடியாந்துருங்க. என்னைய அப்புறமா வையிங்க. மழ இன்னும் முடியல."